எவ்வளவு சாப்பிடுறோமா, என்ன சாப்பிடுறோமா? ஒரு சிப்பம் அரிசியில தொடங்குற கணக்கு

(பேசிய எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா அங்கங்கே சுருக்கி, திருத்தியிருக்கோம்.)

உடம்பைப் பத்திப் பேசுற எபிசோட் எது போட்டாலும் கீழே ஒரே கேள்விதான் வந்து நிக்குது. "ப்ரோ, எடை குறையணும்னா கலோரியை எண்ணணுமா, இல்ல நல்ல சாப்பாடா பார்த்துச் சாப்பிட்டாப் போதுமா?" இன்னைக்கு அதை மட்டும் எடுத்துக்கலாம்.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். நான் டாக்டர் இல்ல. இன்ஜினியரிங் படிச்சு, சென்னையில கோடு எழுதுற ஆளு. சொந்த ஊரு காஞ்சிபுரம் மாவட்டத்துல உத்திரமேரூர் பக்கம். ஏரிப் பாசனம், சுத்தி நெல் வயல். அதனால இந்தக் கேள்வியை ஜிம் கண்ணாடி முன்னாடி இருந்து மட்டும் பார்க்க என்னால முடியாது. எங்க வீட்டு அடுப்படியில இருந்தும் பார்க்க வேண்டியிருக்கு.

பதிலையும் முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் காரணத்துக்குப் போவோம். எடை ஏறுமா இறங்குமாங்கறதை முடிவு பண்றது அளவு. அந்த அளவோட உங்களால மாசக்கணக்கா வாழ முடியுமா, உள்ளே உடம்பு நல்லா இருக்குமாங்கறதை முடிவு பண்றது என்ன சாப்பிடுறீங்கங்கறது. நம்ம ஊர் வீடுகள்ல இது ரெண்டையுமே தீர்மானிக்கிற இடம் உங்க தட்டு இல்ல, பொதுவா வடிக்கிற சோத்துப் பானை.

முதல் கட்சி: அளவுதான் எல்லாம்

அமெரிக்காவுல கன்சாஸ் ஸ்டேட் யூனிவர்சிட்டியில மார்க் ஹாப்னு ஒரு ஊட்டச்சத்துப் பேராசிரியர். 2010-ல அவர் தன் மேலேயே ஒரு சோதனை பண்ணார். 10 வாரம் அவரோட சாப்பாட்டுல பெரும்பகுதி க்ரீம் கேக், சிப்ஸ், பிஸ்கட் மாதிரி பாக்கெட் ஐட்டம். கூட கொஞ்சம் காய்கறி, ஒரு புரோட்டீன் ஷேக், ஒரு விட்டமின் மாத்திரை. ஆனா ஒரு நாளைக்கு 1,800 கலோரியைத் தாண்டலை. 10 வாரத்துல சுமார் 12 கிலோ குறைஞ்சார்.

இதுல மந்திரம் ஒண்ணும் இல்ல. செலவைவிட வரவு குறைஞ்சா, உடம்பு சேமிப்புல கை வைக்கும். ஒரு கிலோ உடல் கொழுப்புன்னா ஏறத்தாழ 7,700 கலோரி. அந்தக் கணக்கு கேக்குக்கும் ஒண்ணுதான், கேழ்வரகுக்கும் ஒண்ணுதான்.

கேழ்வரகுன்னு சும்மா சொல்லலை. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டா அறிவிச்சதுக்கு அப்புறம் ராகி பிஸ்கட், தினை லட்டு, சாமை மிக்சர் எல்லாம் கடை ரேக்ல நிறைஞ்சு போச்சு. "சிறுதானியம்தானே, எவ்வளவு வேணா சாப்பிடலாம்"னு ஒரு நம்பிக்கையும் கூடவே வந்துடுச்சு. 100 கிராம் பச்சரிசியில சுமார் 355 கலோரி. 100 கிராம் கேழ்வரகுல சுமார் 320. வித்தியாசம் அவ்வளவுதான். நார்ச்சத்துல கேழ்வரகு அரிசியை விட மூணு மடங்குக்கு மேல, அது நிஜமாவே நல்ல விஷயம். ஆனா அதே கேழ்வரகை நெய்யும் வெல்லமும் போட்டு உருண்டை பிடிச்சா, எடைக் கணக்குல அது லட்டுதான். நாட்டுச்சர்க்கரையும் அப்படித்தான். வெள்ளைச் சர்க்கரைக்கும் அதுக்கும் கலோரி கிட்டத்தட்ட சமம்.

இதுவரைக்கும் அளவுக் கட்சி ஜெயிச்ச மாதிரி இருக்குல்ல? கொஞ்சம் பொறுங்க.

ரெண்டாவது கட்சி: என்ன சாப்பிடுறோம்ங்கறதுதான் முக்கியம்

2019-ல அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல கெவின் ஹால்ங்கறவர் குழு ஒரு ஆய்வு பண்ணுச்சு. 20 பேரை ஒரு மாசம் மருத்துவமனை வளாகத்துலயே தங்க வெச்சாங்க. ரெண்டு வாரம், ஃபேக்டரியில ரொம்பவும் பதப்படுத்தின பாக்கெட் சாப்பாடு. ரெண்டு வாரம், வீட்ல சமைக்கிற மாதிரி சாதாரணச் சாப்பாடு. முன்னாடி வைக்கிற தட்டுல கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் ரெண்டுக்கும் பொருந்துற மாதிரி அமைச்சாங்க. "வேணுங்கற அளவு சாப்பிடுங்க"ன்னு விட்டாங்க.

பாக்கெட் சாப்பாட்டு வாரங்கள்ல ஒவ்வொருத்தரும் சராசரியா ஒரு நாளைக்கு சுமார் 500 கலோரி அதிகமா சாப்பிட்டாங்க. ரெண்டே வாரத்துல 0.9 கிலோ ஏறுச்சு. சாதாரணச் சாப்பாட்டு வாரங்கள்ல அதே 0.9 கிலோ இறங்குச்சு. யாரும் யாரையும் வற்புறுத்தலை. வயிறு "போதும்"னு சொல்ற இடம் சாப்பாட்டைப் பொறுத்து நகர்ந்திருக்கு.

நம்ம ஊர் உதாரணம் ஒண்ணு. வேர்க்கடலை, எங்க பக்கம் மல்லாட்டைம்பாங்க. 100 கிராம் வறுத்த மல்லாட்டையும் 100 கிராம் உருளைக்கிழங்கு சிப்ஸும் கலோரியில கிட்டத்தட்ட ஒண்ணு, ரெண்டுமே 550-க்குப் பக்கம். ஆனா மல்லாட்டையில புரதம் சுமார் 25 கிராம், சிப்ஸ்ல அதுல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. ஓட்டை உடைச்சு, தோலை ஊதிவிட்டு, மென்னு சாப்பிடுறதுக்குள்ள வயித்துக்குத் தகவல் போயிடும். சிப்ஸ் பாக்கெட்ல காத்து மட்டும் மிச்சம் இருக்கும்போதுதான் நமக்கே தெரியும்.

இன்னொரு விஷயம், பாக்கெட்ல போட்டிருக்கிற கலோரி அப்படியே உடம்புல சேர்றதும் இல்ல. 2012-ல அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் பாதாமை வெச்சு அளந்தாங்க. 28 கிராம், அதாவது ஒரு கைப்பிடி பாதாம்ல வழக்கமான கணக்குப்படி 170 கலோரி. ஆனா உடம்புக்குக் கிடைச்சது சுமார் 129. மீதி, செரிக்காத திசுவுக்குள்ள சிக்கி வெளியே போயிடுது. புரதத்துக்கும் இப்படி ஒரு வரி உண்டு. புரதத்துல வர்ற கலோரியில 20 முதல் 30 சதவீதம் அதைச் செரிச்சுக் கையாளவே செலவாகும். மாவுச்சத்துக்கு 5 முதல் 10 சதவீதம்தான்.

அப்ப ரெண்டு கட்சியும் சண்டை போட வேண்டிய அவசியமே இல்ல. 2018-ல ஸ்டான்ஃபோர்டுல கிறிஸ்டோஃபர் கார்ட்னர் குழு 609 பேரை வெச்சு ஒரு வருஷம் ஆய்வு நடத்துச்சு. பாதிப் பேருக்குக் கொழுப்பு கம்மி, பாதிப் பேருக்கு மாவுச்சத்து கம்மி. யாரையும் கலோரி எண்ணச் சொல்லலை. ஆனா ரெண்டு குழுவுக்கும் ஒரு பொது விதி: சர்க்கரையையும் மைதா மாதிரி தீட்டின தானியத்தையும் குறைங்க, காய்கறியைக் கூட்டுங்க. வருஷக் கடைசியில ரெண்டு குழுவும் சராசரியா 5, 6 கிலோ குறைஞ்சிருந்தாங்க. ரெண்டுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் இல்ல. எண்ணாமலேயே அவங்க சாப்பிடுற கலோரி தானா இறங்கியிருந்துச்சு. சாப்பாட்டை மாத்தினது அளவைக் குறைக்கிற வழியா வேலை செஞ்சிருக்கு.

சரி, நம்ம சோத்துக்கு வருவோம்

மேல சொன்னது எல்லாம் கேக், சிப்ஸ், பாதாம். நம்ம பிரச்சினை அங்க இல்ல. சென்னையில மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நடத்தின 'க்யூர்ஸ்' ஆய்வு, 2009-ல வெளியிட்ட கணக்குப்படி, சென்னை மக்களோட அன்றாடக் கலோரியில கிட்டத்தட்ட பாதி தீட்டின தானியத்துல இருந்து வருது. அதுல பெரும்பங்கு வெள்ளை அரிசி. காலையில இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை. பேரு மூணு, மூலப்பொருள் ஒண்ணு.

அப்ப வெள்ளை அரிசிக்குப் பதில் பட்டை தீட்டாத பழுப்பு அரிசி சாப்பிட்டாப் போதுமா? அதே நிறுவனம் ஹார்வர்டு ஆய்வாளர்களோட சேர்ந்து அதையும் சோதிச்சுப் பார்த்துச்சு. கலந்துக்கிட்டவங்க மூணு மாசம் ஒரு அரிசி, அப்புறம் மூணு மாசம் இன்னொரு அரிசி சாப்பிட்டாங்க. 2019-ல முடிவு வந்துச்சு. மொத்தக் குழுவையும் சேர்த்துப் பார்த்தா, வெறும் வயித்துச் சர்க்கரையிலயும் இன்சுலின் அளவீடுகள்லயும் பெரிய மாற்றம் இல்ல. ஏற்கெனவே தொப்பை, ரத்த அழுத்தம், சர்க்கரைன்னு சேர்ந்து இருந்தவங்களுக்கு மட்டும் மூணு மாசச் சராசரியைக் காட்டுற எச்பிஏ1சி கொஞ்சம் இறங்குச்சு. பழுப்பு அரிசி நல்லதுதான். ஆனா தட்டுல அதே குவியல் அப்படியே இருந்தா, நிறம் மாத்தினது மட்டும் அதிசயம் பண்ணாது.

அந்தக் குவியல் எங்க இருந்து வந்துச்சு?

இதைச் சோம்பேறித்தனம்னோ, நாக்கு ருசின்னோ சொல்றவங்க மேல எனக்குக் கொஞ்சம் கோவம் உண்டு. எங்க ஊர்ல அந்தத் தட்டு ஒரு காரணத்துக்காகத்தான் அவ்வளவு பெருசா ஆச்சு. சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு பட்டம் தவறாம நடவு, களை, அறுப்பு, போர் அடிக்கிறதுன்னு காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் குனிஞ்சு நிமிர்ற வேலை. அந்த உடம்புக்கு அந்தச் சோறு தேவைப்பட்டுச்சு. அரிசியே அரிதா இருந்த காலத்தைப் பார்த்தவங்க நம்ம தாத்தா பாட்டி. வயிறு நிறையச் சோறு போடுறதுதான் அவங்களுக்கு மரியாதை, அன்பு, கௌரவம் எல்லாமே.

அப்புறம் ரெண்டு விஷயம் ஒண்ணா மாறுச்சு. ரேஷன் அரிசி 2008-ல கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன்ல இருந்து இலவசம். பட்டினியைத் துரத்தின திட்டம் அது, அதுல எனக்குத் துளியும் சந்தேகம் இல்ல. அதே காலத்துல வயலுக்கு நடவு மெஷினும் அறுவடை மெஷினும் வந்துச்சு, ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் ஒரு டூவீலர் வந்துச்சு. பசங்க ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் ஏறிட்டாங்க, என்னை மாதிரி ஆளுங்க நாற்காலி ஏறிட்டாங்க. உடம்போட செலவு குறைஞ்சுது. வரவு அப்படியே இருக்கு.

முடிவு என்னன்னு 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுல இருக்கு. தமிழ்நாட்டுப் பெண்கள்ல 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன். ஆண்கள்ல 37 சதவீதம். இதே ஆய்வுல இன்னொரு வரியும் இருக்கு: 15 முதல் 49 வயசு வரைக்கும் உள்ள தமிழ்நாட்டுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒரே மாநிலம், ஒரே ஆய்வு. கலோரி மிஞ்சுது, சத்து பத்தலை. கலோரியை மட்டும் எண்ணுற ஆளுக்கு முதல் எண் மட்டும்தான் தெரியும். "பாதியாக் குறைச்சுக்கோ"ன்னு சொல்லுவார். ரெண்டாவது எண் இன்னும் மோசமாகும்.

இது எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்க ஆய்வு எதுவும் வேண்டாம். வீட்ல கடைசியா யார் சாப்பிடுறாங்கன்னு பாருங்க, போதும். அப்பாவுக்கும் பசங்களுக்கும் முதல்ல போடுவாங்க. முட்டை, மீன், பொரியல் எல்லாம் அங்கயே தீர்ந்துடும். அம்மா உட்காரும்போது பானையில சோறு இருக்கும், குழம்புல அடி இருக்கும். "வீணாப் போகுது"ன்னு அந்தச் சோத்தையும் அவங்கதான் சாப்பிடுவாங்க. அப்புறம் செக்கப்ல சர்க்கரை கொஞ்சம் கூட இருக்குன்னு வந்தா, மொத்தக் குடும்பமும் அவங்களைப் பார்த்து "சோத்தைக் குறைம்மா"ன்னு சொல்லும். எங்க அம்மா இதுக்குச் சொன்ன பதிலை நான் மறக்கவே மாட்டேன். "குறைக்கிறேன்டா. அந்த இடத்துல என்ன இருக்கு சாப்பிட?"

நியாயமான கேள்வி. எடையைப் பத்தின பேச்சுல பாதி அந்த ஒரு வரியிலயே இருக்கு.

ஆப் வேண்டாம், மளிகைக் கணக்கு போதும்

கலோரி எண்ணுற ஆப் எல்லாம் தனித்தனியா சாப்பிடுற ஊருக்கு எழுதினது. ஒரு பானைச் சோறு, ஒரு சட்டிக் குழம்புன்னு அஞ்சு பேர் பகிர்ந்து சாப்பிடுற வீட்ல, குழம்புல உங்க பங்கு எண்ணெய் எவ்வளவுன்னு எந்த ஆப்புக்கும் தெரியாது. ஆனா வீட்டுக்குள்ள என்ன வருதுங்கறதுக்கு ரசீது இருக்கு. அங்க இருந்து கணக்குப் போடுங்க.

ஒரு உதாரணம். நாலு பேர் இருக்கிற வீடு. மாசத்துக்கு ரேஷன், கடைச் சிப்பம், இட்லி அரிசி எல்லாம் சேர்த்து 40 கிலோ அரிசின்னு வெச்சுக்குவோம். 40 கிலோவை நாலு பேர், 30 நாள்னு வகுத்தா, ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு சுமார் 333 கிராம். கிராமுக்கு 3.5 கலோரி வெச்சா சுமார் 1,170 கலோரி, அரிசியில மட்டும்.

இதை எதோட ஒப்பிடுறது? ஹைதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல வெளியிட்ட வழிகாட்டியில, தானியத்துல இருந்து வர்ற கலோரி மொத்தத்துல 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்னு சொல்லியிருக்கு. 2,000 கலோரி ஆளுக்கு அது 900. அரிசி மட்டுமே அதைத் தாண்டிடுச்சு. கோதுமை, ரவை, சேமியா எல்லாம் இன்னும் கணக்குல வரவே இல்ல.

அடுத்து எண்ணெய். ஒரு லிட்டர் எண்ணெய்ல சுமார் 8,200 கலோரி. நாலு பேருக்கு மாசம் 4 லிட்டர்னா, தலைக்கு ஒரு நாளைக்கு சுமார் 270 கலோரி. யாரும் எண்ணெய்யைத் தட்டுல பார்க்கிறதே இல்ல, அதனால யாரும் அதைக் குறை சொல்றதும் இல்ல.

இப்ப மாத்திப் பார்ப்போம். மாசத்துக்கு அரிசியில 4 கிலோ குறையுது, எண்ணெய்ல ஒன்றரை லிட்டர் குறையுது. தலைக்கு ஒரு நாளைக்கு சுமார் 220 கலோரி இறங்கும். அதுக்குப் பதிலா ரெண்டு கிலோ பயறு கூடுதலா வாங்குங்க. காராமணி, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, எது கிடைக்குதோ அது. அதுல சுமார் 55 கலோரி திரும்ப ஏறும். நிகரமா ஒரு நாளைக்கு 160 கலோரி குறைவு. காகிதக் கணக்குல மாசத்துக்கு அரைக் கிலோவுக்கும் மேல கொழுப்பு. நிஜத்துல அவ்வளவு இறங்காது. உடம்பு இளைக்க இளைக்க அதோட செலவும் குறையும், வெளியில சாப்பிடுற பரோட்டாவும் பஜ்ஜியும் இந்தக் கணக்குல வரவும் இல்ல. இருந்தாலும் திசை சரி. முக்கியமா, யாரும் பசியோட படுக்கலை. அம்மா கேட்ட "அந்த இடத்துல என்ன இருக்கு"ங்கறதுக்கும் ஒரு பதில் இருக்கு.

செய்யக்கூடிய நாலு விஷயம்

ஒண்ணு. இந்த மாசம் எதையும் மாத்தாதீங்க, அளந்து மட்டும் பாருங்க. சிப்பம் உடைச்ச தேதி, தீர்ந்த தேதி. எண்ணெய் பாக்கெட் எத்தனை. காலண்டர்லயே எழுதிடலாம். எதையும் மெஷர் பண்ணாம ஆப்டிமைஸ் பண்ணக் கூடாதுன்னு நம்ம வேலையில சொல்லுவோமே, அதேதான்.

ரெண்டு. உலையில போடும்போதே குறைங்க. வடிச்சதுக்கு அப்புறம் "கம்மியா சாப்பிடு"ன்னு சொன்னா, மிஞ்சினது அம்மா தட்டுக்குத்தான் போகும். அரை ஆழாக்கு கம்மியாப் போட்டா அந்தப் பேச்சே வராது.

மூணு. பரிமாறுற வரிசையை மாத்துங்க. முதல்ல பொரியல், கூட்டு, சுண்டல், முட்டை, அப்புறம் சோறு. முடிஞ்சா எல்லாரும் ஒண்ணா உட்காருங்க. முடியலைன்னா, சமைச்சவங்களோட பங்கு பொரியலையும் முட்டையையும் முதல்லயே தனியா எடுத்து வெச்சுடுங்க. இந்த லிஸ்ட்ல எனக்கு ரொம்ப முக்கியமானது இதுதான்.

நாலு. எடை மெஷினோட ஒரு டேப்பும் வெச்சுக்கோங்க. நம்ம உடம்பு ஒல்லியா தெரிஞ்சாலும் உள்ளே கொழுப்பு வெச்சிருக்கும். 2004-ல 'லான்செட்' இதழ்ல புனேவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும், இங்கிலாந்துக்காரர் டாக்டர் யூட்கினும் தங்களோட படத்தையே போட்டுக் காமிச்சாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ ஒரே 22.3. யூட்கினுக்கு உடல் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. அதனால இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டுச்சுன்னா, எடை நார்மல்னு சும்மா இருக்காதீங்க.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க திடீர்னு சோத்தைக் குறைச்சா சர்க்கரை தாழ்ந்து போகலாம். டாக்டர்கிட்ட சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கணும். கர்ப்பிணிகளும் வளர்ற பசங்களும் இந்தக் கணக்குக்குள்ள வர மாட்டாங்க.

சோறு நம்ம எதிரி இல்ல. எங்க வயல்ல விளையுற பொருளை விஷம்னு சொல்ற வீடியோவைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். தட்டுல அதுக்குக் கொடுத்திருக்கிற இடம், இன்னைக்கு நாம செய்யாத ஒரு வேலைக்காகக் கொடுத்தது. அதுல கொஞ்சத்தை எடுத்துப் பயறுக்கும் கீரைக்கும் முட்டைக்கும் கொடுக்கணும். அதுக்குக் காசு வேணும், சமைக்க நேரமும் வேணும். அந்த ரெண்டுலயும் நம்ம பங்கு என்னன்னு, சம்பாதிக்கிற நாம யோசிக்கலாம். ஊருக்குப் போகும்போது ஸ்வீட் பாக்ஸ் வாங்கற காசுல ரெண்டு கிலோ பயறு வாங்கிட்டுப் போகலாம், ஊற வெச்சு வேக வெக்கிற வேலையையும் நாமளே பார்க்கலாம்.

உங்க வீட்டு அரிசிக் கணக்கைப் போட்டு, தலைக்கு எத்தனை கிராம் வருதுன்னு எனக்கு அனுப்புங்க. பேரு வேண்டாம், எண்ணும் எத்தனை பேர்ங்கறதும் போதும். அடுத்த எபிசோட்ல அதை எல்லாம் சேர்த்து வெச்சுப் பேசுவோம். அதுவரைக்கும் நல்லா சாப்பிடுங்க, நல்லா தூங்குங்க.